ஜப்பான்காரன் எழுதியது

ரங்கநாதன் தெருவில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கும் தங்கப்பழத்திடம் ஒரு ரவிக்கைத் துணி கேட்டுப் பாருங்கள். சேலைத் தலைப்பை வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். மாம்பழ மஞ்சளா, மஞ்சள்கிழங்கு மஞ்சளா என்று அவருக்கே தெரியும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. சரியான துணியை உருவி, அளந்து, வெட்டி, கவரில் போடுவதற்குள் தன் மகன் கனகராஜின் பெருமையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். அது இலவசம்.

"உள்ள நிக்கானே, அவன்தான் நம்ம பய. ஜப்பான்காரன் ஒரு வீடியோ கேம் போட்டான். ஒருத்தனும் முடிக்க முடியாதுன்னு சவால் விட்டுப் போட்டான். நம்ம பய முடிச்சான். நான் கண்ணால பாத்தேன். முடிச்ச ஒடனே டி.வி.யில ஜப்பான்காரன் எழுதிக் காமிக்கான், 'தம்பி, ஒன்னைய மாதிரி ஒருத்தனை நாங்க பாத்ததே இல்ல'ன்னு!"

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து துணிக்கடை போட்ட மனிதருக்கு ஜப்பான் மொழி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் துணி வெட்டத் தாமதமாகும். முதல் வருஷம் அந்த ஜப்பான்காரன் 'சபாஷ்' என்று மட்டும்தான் எழுதியிருந்தான். பிறகு வருஷத்துக்கு வருஷம் வாயாடியாகிக்கொண்டே வந்தான். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் அவன் எழுதியது ஒரு இன்லாண்ட் லெட்டர் நீளத்துக்கு வந்திருந்தது.

"அப்பா, போதும்பா" என்பான் கனகராஜ், துணியை மடித்துக்கொண்டே. வாய்தான் அப்படிச் சொல்லும். உள்ளுக்குள் அவனுக்கு அது தேனாக இறங்கும். இறங்காமல் என்ன செய்யும்? அந்த ஒரு நாளுக்கு முன்பு அவன் அப்பாவின் வாயில் அவனுக்கு இருந்த பெயர் 'தண்டச்சோறு'.

அந்த நாளில் நடந்தது இதுதான். கனகராஜ் பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் ஷரீஃப் வீட்டு டி.வி. முன்னால் குடியிருந்த காலம். ஷரீஃபின் அண்ணன் பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த கேசட்டின் மேல் ஒரு கோபுரமும், சுத்தியலோடு ஒரு மொட்டைத் தலைப் பையனும், நாலு வரி ஜப்பான் எழுத்தும் இருந்தன. கேமுக்குப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாததால் சந்தே கூடி அதற்கு 'மணிக்கூண்டு' என்று பெயர் வைத்தது. மொட்டையன் ஏழு கோபுரம் ஏற வேண்டும். கட்டைக்குக் கட்டை தாவ வேண்டும். காக்கை கொத்தினால் விழுவான். கல் உருண்டால் விழுவான். ஒன்றும் நடக்காவிட்டாலும் விழுவான். ஏழாவது கோபுரத்து உச்சியில் தொங்கும் மணியைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். தி.நகர்ப் பையன்களில் பாதிப் பேர் மூன்றாவது கோபுரத்தில் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் வீசி அடித்துவிட்டு, ஒழுங்காகப் படிக்கப் போனார்கள்.

கனகராஜ் போகவில்லை. மகனைத் தேடிக்கொண்டு தங்கப்பழம் துணி அளக்கும் இரும்புக் கம்பியோடு ஷரீஃப் வீட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே சந்தே திரண்டு நின்றது. ஒருவரும் மூச்சு விடவில்லை. தங்கப்பழமும் கம்பியை ஓங்கியபடி நின்றுவிட்டார். மொட்டையன் தாவினான், தாவினான், மணியை அடித்தான். வீடு இரண்டுபட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக ஜப்பான் எழுத்து ஓடியது. யாரோ கனகராஜைத் தோளில் தூக்கினார்கள்.

எழுத்து போனதும் மறுபடி முதல் கோபுரம் வந்தது. ஆனால் வானம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"இன்னா மச்சி, வானம் செவந்துகீது?" என்றான் ஷரீஃப். "காலைலேர்ந்து ஆடிக்கினுகீறோம், பிக்சர் டியூப் சூடாயிடுச்சு. டி.வி. புட்டுக்கிச்சுன்னா எங்க அண்ணன் என்னைத் தோலை உரிச்சிடுவான்." சுவிட்சை அணைத்துவிட்டான்.

அன்று மாலையே தங்கப்பழம் மகனைக் கல்லாவில் உட்கார வைத்தார். மறு வருஷம் தனியாக சூரத்துக்குக் கொள்முதலுக்கு அனுப்பினார். "ஏழு கோபுரம் ஏறினவன், சூரத்துக்குப் போயிட்டு வர மாட்டானா?" என்றார். போய் வந்தான். நல்ல சரக்காகவே வாங்கி வந்தான். ஒருத்தன் மேல் நம்பிக்கை வைத்தால் அவனும் அதற்குத் தக்கபடி நிமிர்ந்துகொள்கிறான். கனகராஜின் நிமிர்ந்த முதுகுக்கு உள்ளே இருந்த எலும்பு அந்த மணிக்கூண்டுதான்.

எட்டு வருஷம் கழித்து, ஆனி மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் மதுமதி, கம்ப்யூட்டர் படித்துவிட்டு அடையாறில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் அப்பாவுக்கு நகைக்கடை. பஜ்ஜி, சொஜ்ஜி, தூத்துக்குடி மழை, சென்னைத் தண்ணீர்க் கஷ்டம் எல்லாம் பேசி முடிந்தது. தங்கப்பழம் தொண்டையைச் செருமினார். கனகராஜுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சரோஜாதேவி கணவரின் தொடையில் கிள்ளிப் பார்த்தாள், பலிக்கவில்லை.

"நம்ம பய ஒரு காரியம் பண்ணியிருக்கான் பாத்துக்கிடுங்க..."

கோபுரம், மொட்டையன், மணி, ஜப்பான்காரன் கைப்பட எழுதிய பாராட்டு எல்லாம் வரிசையாக வந்தன. பெண் வீட்டார் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். மதுமதி மட்டும் நிமிர்ந்து கனகராஜை நேராகப் பார்த்தாள். சடாரென்று எழுந்து உள்ளே போய்க் கையில் ஒரு சாதனத்தோடு வந்தாள். உள்ளங்கை அளவு; ஊதா நிற பிளாஸ்டிக்; நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கலர் திரை.

"இந்த கேமா?" என்றாள். "இப்ப கையில வச்சு ஆடற மாதிரி புதுசா வந்திருக்கு. சிங்கப்பூர்லேர்ந்து மாமா அனுப்பினாங்க."

அந்தத் தீப்பெட்டிக்குள் அதே மொட்டையன் சுத்தியலோடு நின்றான். கனகராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஆடிக் காட்டுங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா. கட்டைவிரல் எதையும் மறக்கவில்லை. திரை சிறியது என்பதால் இன்னும் கீழே இருக்கும் கட்டைகள் தெரியவில்லை. பள்ளம் மாதிரி இருந்தது. அதனால் என்ன? பெரிய டி.வி.யில் பார்த்த மேடு பள்ளமெல்லாம் அவன் தலைக்குள் இருந்ததே! முதல் கோபுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவன்போலத் தாவித் தாவி ஏறினான். "பாத்தியளா!" என்றார் தங்கப்பழம், தானே ஏறியதுபோல மூச்சு வாங்க.

பெரியவர்கள் இரண்டு பேரையும் பால்கனியில் தனியாகப் பேசச் சொன்னார்கள். மதுமதி கேட்ட முதல் கேள்வி சம்பளமும் இல்லை, சமையலும் இல்லை.

"ரெண்டாவது ரவுண்டு எப்படி முடிச்சீங்க? நான் அஞ்சாவது கோபுரத்துலயே நிக்கறேன்."

"எந்த ரெண்டாவது ரவுண்டு?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சாதனத்தில் எதையோ அழுத்தி அவன் கையில் கொடுத்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஆனால் இது ஆங்கிலம். நீ அடித்தது பொய் மணி, என்றது அது. மெய்யான மணி இன்னும் ஒலிக்கவில்லை. கீழே போ. முதலிலிருந்து ஏறு.

அடுத்த திரையில் முதல் கோபுரம் வந்தது. வானம் ரத்தச் சிவப்பு.

பிக்சர் டியூப் சூடாகவில்லை. கேம் பாதிதான் முடிந்திருந்தது. பாதியிலேயே சந்தே கூடி அவனைத் தோளில் தூக்கிவிட்டு, சுவிட்சையும் அணைத்திருந்தது. எட்டு வருஷமாக அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவந்த பாராட்டு, உண்மையில் 'திரும்பிப் போடா' என்ற திட்டு. கனகராஜுக்குக் காது மடல் சுட்டது. நெஞ்சில் ஏதோ ஒன்று சரிந்து விழுந்தது. அது விழுந்த சத்தம் இவளுக்குக்கூடக் கேட்டிருக்கும் என்று நினைத்தான்.

அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ரோஷக்காரன்.

"அப்போ நான் முடிக்கல" என்றான். "எங்களுக்கு யாருக்கும் ஜப்பான் எழுத்து தெரியாது. டி.வி. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணிட்டோம்."

சாதனத்தை நீட்டினான்; மதுமதி வாங்கிக்கொள்ளவில்லை. கேலி செய்யப்போகிறாள் என்று காத்திருந்தான். "எடுத்துட்டுப் போங்க" என்றாள். "முடிச்சுட்டுக் கொண்டு வாங்க. நான் சேவ் பண்ணி வச்சிருக்கறதை மட்டும் அழிச்சிடாதீங்க, அஞ்சு கோபுரம் ஏறவே எனக்கு உயிர் போயிடுச்சு."

தட்டு மாற்றுவதற்கு முன்பே பெண் கையிலிருந்து ஒரு பொருள் மாறிவிட்டது! தங்கப்பழம் அதைச் சம்மதத்துக்கு அச்சாரமாகவே எடுத்துக்கொண்டார். வீடு வந்து சேர்வதற்குள் ஆட்டோக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆடி பிறக்கப்போகிறது, ஆவணியில் வந்து நாள் குறிப்போம் என்று பேச்சு.

ஆடித் தள்ளுபடியில் ரங்கநாதன் தெருவில் மூச்சு விட இடம் கிடைத்தால் அதற்கும் தள்ளுபடி கேட்பார்கள். கனகராஜ் சாப்பாட்டு நேரத்தில் பரண்மேல் ஏறி, துணி மூட்டைமேல் உட்கார்ந்து, காற்றோட்டத்துக்கு விட்ட ஜன்னல் வெளிச்சத்தில் ஆடினான். அந்தச் சாதனத்துக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. சிவப்பு வானத்து ரவுண்டு படு மோசம். கால் வைத்த கட்டை, வைத்த மாத்திரத்தில் மறைந்தது. எங்கே தாவ வேண்டும் என்று அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரியும். தாவுவதற்குள் கட்டை இருக்காது. பதினேழு வயதுக் கட்டைவிரலா இது? எட்டு வருஷம் கத்தரிக்கோல் பிடித்துத் தடித்த விரல். விழுந்தான், விழுந்தான், பிடிவாதமாக ஏறினான்.

ஒரு நாள் கடையில் போன் அடித்தது. தங்கப்பழம் எடுத்தார்.

"ஏலே, யாரோ ஒரு பிள்ளை. ஆறாவது கலர் வந்துட்டுதான்னு கேக்குது. அது என்னல ஆறாவது கலரு?"

கனகராஜ் போனை வாங்கினான். மறுமுனையில் மதுமதி சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "ஆறாவது வந்துடுச்சு மேடம்" என்றான், முகத்தை ரேக் பக்கம் திருப்பிக்கொண்டு. "ஏழாவதுதான் இன்னும் கைக்கு வரல."

"சீக்கிரம் வரவழைங்க. நான் வேற கடை பாக்கறதா இல்ல" என்று போனை வைத்துவிட்டாள். அன்று முழுவதும் கனகராஜ், வாடிக்கையாளர் கேட்ட துணிக்குப் பக்கத்துத் துணியை எடுத்துக் கொடுத்தான்.

ஆனால் தேனாக இறங்கிய அப்பாவின் பேச்சு இப்போது முள்ளாக இறங்கியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் அதைச் சொல்லச் சொல்ல, இவனுக்குத் திருட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதுபோல உடம்பு கூசியது. ஏழாவதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தான். அதற்குள் ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, கடை நிறையக் கூட்டத்தில், தங்கப்பழம் புதிதாக ஒரு படலம் சேர்த்தார்.

"அந்த கேமை முடிச்ச பயலுக்குத்தான் கழுத்தை நீட்டுவேன்னு ராஜா அண்ணாமலைபுரத்துப் பிள்ளை ஒத்தக்கால்ல நிக்குன்னா பாத்துக்கிடுங்க!"

அவள் பெயரையும் பொய்யில் சேர்த்ததைத்தான் கனகராஜால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, நான் அதை முடிக்கல."

"என்னல?"

"பாதிதான். ஜப்பான்காரன் எழுதினது பாராட்டு இல்ல. திரும்ப முதல்லேர்ந்து ஏறுன்னு எழுதியிருந்தான். நமக்குப் படிக்கத் தெரியல. இப்ப இங்கிலீஷ்ல வந்திருக்கு, நானே படிச்சேன்."

ஒரு அம்மாள், "சரிப்பா, அந்த ரத்தச் சிவப்புல ஒரு மீட்டர் வெட்டு, பஸ் போயிடும்" என்றாள். தங்கப்பழம் வெட்டினார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணி கோணலாக வெட்டுப்பட்டது.

அதன்பிறகு அவர் வாடிக்கையாளரிடம் வாயே திறக்கவில்லை. மஞ்சள் கேட்டால் மஞ்சள், பச்சை கேட்டால் பச்சை. வீட்டில் ஆவணிப் பேச்சு எடுத்தபோதுதான் வெடித்தார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போக? அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்லா? நான் அளந்துவிட்டதைக் கேட்டுச் சிரிச்சிருக்கும். நான் வரல."

"அளந்துவிட்டது இன்னைக்கா நேத்தா?" என்றாள் சரோஜாதேவி. "ஒரு மீட்டர் துணிக்கு ஒம்போது மீட்டர் கதை. நான் கேட்கல? அதுக்காக உங்களை விட்டுட்டா போயிட்டேன்?"

கனகராஜ் அப்பாவின் எதிரே போய் நின்றான். "அவளுக்கு அன்னைக்கே தெரியும்பா. தெரிஞ்சும் சபையில உங்களை விட்டுக்கொடுக்கல. என்கிட்ட தனியாத்தான் கேட்டா."

தங்கப்பழம் நிமிர்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லலியா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

தங்கப்பழம் எழுந்து வெள்ளைச் சட்டையைத் தேடினார்.

ஆவணியில், கடையைக் கடைப் பையன்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ராஜா அண்ணாமலைபுரத்து ஹாலில் காபி வந்ததும் தங்கப்பழமே முதலில் பேசினார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சம்பந்தி, அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பு. நம்ம பய அந்த கேமை முழுசா முடிக்கல. இன்னொரு ரவுண்டு இருக்காம். தெரியாமச் சொல்லிட்டேன்."

மதுமதியின் அப்பாவுக்கு எந்த ரவுண்டு என்றே புரியவில்லை. "அதனால என்னங்க" என்றார். ஆனால் கனகராஜுக்கு அந்த ஐந்து வாக்கியத்தின் விலை தெரியும். கண் கலங்கிவிட்டது. கோபுரம் ஏறியதற்காக அப்பா அவனைப் பற்றிப் பெருமைப்பட்டார்; அவன் அப்பாவைப் பற்றிப் பெருமைப்பட்டது இந்த நிமிஷத்தில்தான்.

சாதனத்தை எடுத்து மதுமதியிடம் நீட்டினான். "உங்க சேவ் பத்திரமா இருக்கு. பக்கத்துல என்னோடது. ஏழாவது கோபுரம், உச்சிக்குப் பக்கம். வழி தெரியுது, விரல் போதல. கட்டை மறைஞ்சிடுது."

"எனக்கு விரல் போதும். கீழே என்ன இருக்குன்னுதான் தெரியாது" என்றாள். முதல் ரவுண்டில் கட்டை மறையாது, நிதானமாகச் சுற்று வழியில் போய்விடலாம். இந்த ரவுண்டில் அஞ்சாவது கோபுரத்தில் அவள் நின்றது அதனால்தான்; தெரியாத பள்ளத்தில் குதிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்க ஆடுங்க. நான் சொல்றேன்."

சோபாவின் ஓரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், இருவரும் நடுவில் ஒரு கை இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் மண்டபம், முகூர்த்தம் என்று பேசினார்கள். "வலது... வலது... காக்கை வரும், நில்லுங்க... இப்ப." அவள் விரல் மின்னியது. விழுந்தாள். மறுபடி. இரண்டாம் முறை இன்னும் மேலே போய் விழுந்தாள். மண்டபப் பேச்சு மெல்ல நின்றது. ஒவ்வொருவராக எழுந்து வந்து சோபாவுக்குப் பின்னால் நின்றார்கள்.

"இங்க இடது பக்கம் கீழே குதிக்கணும்" என்றான் கனகராஜ்.

"கீழே ஒண்ணுமே இல்லையே!"

"இருக்கு. ஸ்கிரீன்ல தெரியல. நான் பெரிய டி.வி.யில பார்த்திருக்கேன்."

"நிச்சயமா?"

"குதிங்க மதுமதி."

காலுக்குக் கீழே கட்டை மறையத் தொடங்கியது. அவள் குதித்தாள். மொட்டையன் சிவப்பு வானத்துக்குள் விழுந்து, திரைக்குக் கீழே போய், காணாமல் போனான். யாரோ "ஐயோ" என்றார்கள். அடுத்த கணம் திரை இறங்கியது. மொட்டையன் ஒரு கட்டையின் மேல் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து தாவல், தாவல், தாவல். கனகராஜ் சொல்லி முடிப்பதற்குள் அவள் தாவியிருந்தாள். சுத்தியல் ஓங்கியது. அந்தக் குட்டி சாதனத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன மணிச் சத்தம் வந்தது.

வானம் வெளுத்தது. திரையில் ஐந்து கட்டங்கள் தோன்றின.

"பேர் கேக்குது" என்றாள் மதுமதி. சாதனத்தை அவனிடம் நீட்டினாள். "உங்க பேரைப் போடுங்க. வழி சொன்னது நீங்க."

கனகராஜ் வாங்கினான். எட்டு வருஷமாக அந்த இடத்தில் தன் பெயர் இருப்பதாக நினைத்து வாழ்ந்தவன். ஒரு கணம்தான் யோசித்தான். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஆங்கிலத்தில் 'மதி' என்று போட்டு அழுத்தினான்.

தங்கப்பழம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில், "ஏலே, இப்ப முழுசா முடிஞ்சிட்டா? இது நெசந்தானே?" என்றார்.

"நெசம்பா. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

தங்கப்பழத்தின் நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு விரிந்தது. மூலையிலிருந்த டெலிபோனை நோக்கி நடந்துகொண்டே திரும்பினார்.

"சம்பந்தி, ஒரு போன் போட்டுக்கிடலாமா? இந்நேரம் கடையில நல்ல கூட்டம் இருக்கும்."